தொலைவிலிருந்து நோய் அறிதல்: செல்பேசிக் கோபுரமும் கரிசல் சொல்லும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மழையை நம்பி வாழும் கரிசல் பூமியில், ஒரு சிற்றூரில், பத்தாண்டுகள் இடைவிடாமல் ஓர் இலக்கிய வட்டம் கூடிவருவது சிறிய செயலன்று. அந்த நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தால் நான் ஒதுங்கியிருப்பேன். அதற்கு உரியோர் இங்கே பலர் இருக்கின்றனர். விழாக் குழுவினர் என் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். செல்பேசிக் கோபுரத்தின் வடங்களில் நேரும் பழுதைப் பல கல் தொலைவில் அமர்ந்தபடியே கண்டறிவது எவ்வாறு என்பதே அப்பொருள். இலக்கிய அவைக்கு இது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்க்கையில், இதனினும் பொருத்தமான பொருள் என்னிடம் இல்லை என்றே தோன்றியது. ஏனெனில் அத்தொழிலில் கருவிகள் கைவிடும் இடத்தில் வந்து உதவுவது ஒரு நல்ல வாக்கியம். அதை நிறுவிக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் கரிசல் மண்ணில், எட்டயபுரத்தில், 1882இல் பிறந்த பாரதி, காசியில் பேசுவதைக் காஞ்சியில் கேட்பதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் மறைந்தது 1921இல். இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. இன்று குளத்தூர்ச் சந்தையில் காய்கறி விற்பவரும் அக்கருவியைக் கையில் வைத்திருக்கிறார். கேட்கும் கருவியைக் கண்டுவிட்டோம். அக்கருவிக்கு நோய் கண்டால் நோயைக் கேட்டறியும் காது யாரிடம் இருக்கிறது என்பதே இனி எழும் வினா.

கோபுரத்தின் உடலமைப்பு

நாம் டவர் என்று சொல்லும் இரும்புச் சட்டம் தானாக எதையும் பேசுவதில்லை. பேசுபவை அதன் உச்சியில் நீள்பெட்டிகள் போலக் கட்டப்பட்டிருக்கும் ஆன்டெனாக்கள். பெரும்பாலான கோபுரங்களில் அவை மூன்று திசை நோக்கி, 120 பாகை இடைவெளியில் அமைந்திருக்கும். ஒவ்வொரு திசைக்கும் உரிய நிலப்பரப்பைச் செக்டர் என்பர். கீழே அறையில் ரேடியோப் பெட்டிகள் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஃபீடர் என்னும் தடித்த வடம். அதன் நடுவே செம்பு. அதைச் சுற்றி நுரை போன்ற பிளாஸ்டிக். அதன்மேல் செம்பு உறை. எல்லாவற்றையும் மூடி ஒரு கறுப்புத் தோல். முனைகளில் திருகி முடுக்கும் கனெக்டர்கள். அங்கிருந்து ஆன்டெனா வரை ஜம்பர் என்னும் சிறு வடம். வடம் அறைக்குள் நுழையுமுன் அதைச் சற்றே தாழ வளைத்து விடுவார்கள். வடத்தின்மேல் வழிந்து வரும் மழைநீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும், அறைக்குள் வராது. கூரை வேய்ந்த நம் முன்னோர் இறவாரம் விட்ட அறிவும் இதுவும் ஒன்றே.

அண்மைக் காலத்தில் ரேடியோப் பெட்டியே உச்சிக்கு ஏறிவிட்டது. கீழிருந்து கண்ணாடி இழையும் மின்கம்பியும் மட்டுமே மேலே செல்கின்றன. ஜம்பர் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் தலைமுறைச் சேவையில் பல இடங்களில் ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பெட்டியாகிவிட்டன. ஆயினும் பழைய வடங்களும் கனெக்டர்களும் இன்னும் ஏராளம். கனெக்டர் உள்ள இடமெல்லாம் நோய் நுழையும் வாயில்.

நம் பகுதியில் அந்நோய்க்குக் காரணங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வேம்பார், வைப்பாறு பக்கத்து உப்பளங்களைத் தடவி வரும் கடற்காற்று செம்பையும் இரும்பையும் அரிக்கும். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, ஆடியில் அம்மியை நகர்த்துவதோடு நில்லாமல் கோபுரத்து முடுக்குகளையும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தளர்த்தும். கோடை வெயிலில் காப்பு நாடா வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே ஐப்பசி மழை உள்ளே இறங்கும்.

தட்டிப் பார்த்தல்

வடம் உச்சியில் இருக்கிறது. பழுது அதன் உள்ளே இருக்கிறது. பார்ப்பவரோ மதுரையிலோ சென்னையிலோ ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். அவர் எவ்வாறு அறிவார்?

பானை வாங்குகிறவர் அதை உடைத்துப் பார்ப்பதில்லை. விரலால் தட்டிப் பார்க்கிறார். கீறலில்லாத பானை கணீரென்னும். கீறியது சொத்தையாய் ஒலிக்கும். கிணற்றின் ஆழம் அறிய விரும்புவோர் உள்ளே ஒரு கல்லைப் போட்டு, ஓசை எழும் நேரத்தைக் கொண்டு கணிக்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்தால் நம் தொழிலின் பாதி விளங்கிவிடும்.

வடத்தின் வழியே அனுப்பும் அலை, வழி ஒரே சீராக இருக்கும்வரை தடையின்றிச் செல்லும். கனெக்டர் தளர்ந்தோ, செம்பு நசுங்கியோ, நீர் புகுந்தோ வழியின் தன்மை மாறும் இடத்தில் அலையின் ஒரு பங்கு திரும்பிவிடும். செல்லும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று மோதி வடத்தில் மேடுபள்ளமாய் நிற்கும். அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதத்தை நிலையலை விகிதம் எனலாம். தொழிலாளர் வாயில் அது வி.எஸ்.டபிள்யூ.ஆர். அது 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் அனுப்பிய ஆற்றலில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்புகிறது. 2 என்றால் நூற்றுக்குப் பதினொன்று. 3 என்றால் கால் பங்கு. ரேடியோப் பெட்டி தான் அனுப்புவதையும் தனக்குத் திரும்புவதையும் ஓயாமல் அளக்கிறது. திரும்புவது வரம்பு மீறினால் கண்காணிப்பு மையத்துக்கு அபாய அறிவிப்பு விடுக்கிறது. இது பானையைத் தட்டுதல்.

கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பதும் உண்டு. ஃபீடர் வடத்தில் அலை ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பங்கு வேகத்தில் ஓடும். 30 மீட்டர் உயரத்தில் ஒரு கனெக்டர் தளர்ந்திருந்தால், அலை அங்கே சென்று திரும்ப ஆகும் காலம், ஒரு விநாடியைக் கோடிக் கூறாக்கினால் அவற்றில் இரண்டேகால் கூறு. அக்காலத்தைக் கணித்துவிட்டால் பழுது எத்தனையாவது மீட்டரில் என்று சொல்லிவிடலாம். நடைமுறையில் கருவிகள் பல அதிர்வெண்களை அடுத்தடுத்து அனுப்பி, திரும்புவனவற்றைக் கணக்கிட்டு இத்தொலைவை அறிகின்றன. முன்பு இக்கருவியைக் கோபுரத்தடிக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. புதிய ரேடியோப் பெட்டிகள் சில அவ்வளவீட்டைத் தாமே செய்து மையத்துக்கு அனுப்பிவிடுகின்றன.

கரையிலிருந்து ஆழ்கடலின் காயத்தை அறியும் இக்கலை செல்பேசிக்கு வெகு முந்தியது. 1858இல் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் இட்ட முதல் தந்திவடம், அளவு மீறிய மின்னழுத்தம் செலுத்தப்பட்டதால் சில வாரங்களிலேயே மடிந்தது. அத்தோல்வியே பொறியாளரை அளக்கக் கற்பித்தது. ஒரு மைல் கம்பிக்கு எவ்வளவு மின்தடை என்பது தெரிந்திருந்தால், கரையிலிருந்து பழுதுவரை உள்ள தடையை அளந்து மைல் கணக்கைச் சொல்லிவிடலாம். கப்பல் நேரே அவ்விடம் சென்று வடத்தைத் தூக்கலாம். 2006இல் நம் தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே கடலடியில் இட்ட கண்ணாடியிழை வடத்துக்கும் விதி அதுவே. அங்கே மின்சாரத்துக்குப் பதில் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் ஒளியின் காலத்தைக் கொண்டு அறுந்த இடத்தைக் கணிக்கின்றனர்.

கருவி காணாதவை

இதுவரை சொன்னதைக் கேட்டவர்கள், எண்ணைப் பார்த்தால் போதும், நோய் தெரிந்துவிடும் என்று முடிவு கட்டலாம். அங்கேதான் தொழிலின் பாடம் தொடங்குகிறது. நல்ல எண்ணும் பொய் சொல்லும்.

நீர் நிறைந்த பானையைத் தட்டினால் கீறல் இருந்தாலும் ஒலி மழுங்கிவிடும். வடமும் அப்படியே. வடத்தினுள் நீர் புகுந்து, அனுப்பும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கே உச்சியை அடைகிறது என்று கொள்வோம். உச்சியில் ஆன்டெனா முற்றிலும் துண்டிக்கப்பட்டு, வந்த அலை முழுவதும் திரும்புகிறது என்றும் கொள்வோம். திரும்பும் வழியிலும் ஐந்தில் ஒரு பங்கே கீழே வந்து சேரும். ஐந்தில் ஒன்றின் ஐந்தில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று. அதாவது நூற்றுக்கு நான்கு. நிலையலை விகிதம் 1.5 என்று காட்டும். மையத்தில் பச்சை விளக்கு எரியும். ஊரிலோ ஒருவருக்கும் பேச்சு வராது. நோய் முற்றியதனாலேயே நோயில்லை என்று கருவி சொல்லும் விந்தை இது. திரும்பி வரும் குரலை மட்டுமே கேட்பவர், போன குரல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறியார்.

இரண்டாவது மறைவு இன்னும் நுண்ணியது. கோபுரம் உரக்கப் பேசிக்கொண்டே மிக மெல்லிய குரல்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. தொலைவிலுள்ள கைப்பேசியிலிருந்து கோபுரத்தை அடையும் ஆற்றல் ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறையக்கூடும். கோபுரம் அனுப்புவதோ பத்து, இருபது வாட். தளர்ந்த கனெக்டரிலும் துருவேறிய முடுக்கிலும் கோபுரம் அனுப்பும் இரு அலைகள் கலந்து, மூன்றாவதான ஒரு பொய்யலையைப் பெற்றுவிடுகின்றன. 936, 958 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலதன் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 914. அது கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசைக்குள் வந்து விழுகிறது. தன் வாயிலிருந்து எழுந்த இரைச்சலால் கோபுரம் தானே செவிடாகிறது. இதைத் தொழிலில் பிம் என்பார்கள். திரும்பும் ஆற்றலை அளக்கும் கருவிக்கு இது பெரும்பாலும் தென்படாது. கேட்கும் பக்கத்து இரைச்சல் அளவு எந்நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று மையத்தில் நாள் முழுதும் வரைந்து பார்த்தால்தான் பிடிபடும். பேச்சு மிகும் மாலையில் ஏறி நள்ளிரவில் இறங்கினாலும், காற்று வீசும்போது துள்ளினாலும், முதல் ஐயம் முடுக்கின்மேல் செல்ல வேண்டும்.

மூன்றாவது, மனிதக் கை செய்வது. கிழக்கு நோக்கிய ஆன்டெனாவுக்குச் செல்ல வேண்டிய வடத்தை மேற்கு நோக்கியதில் முடுக்கிவிடுவது. ஒவ்வொரு வடமும் நலமாகவே இருக்கும். ஒரு விளக்கும் சிவக்காது. ஆனால் மேற்கூரின் பெயரில் கிழக்கூர் பேசிக்கொண்டிருக்கும்.

என் பணிக்காலத்தில் கரிசல் கிராமம் ஒன்றில் இதைக் கண்டேன். வடங்கள் மாற்றப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அவ்வூரிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. மையத்தின் குறிப்பிலோ குறையேதும் இல்லை. கடைசியில் அவ்வழியே செல்லும் டவுன் பஸ்ஸின் நடத்துநர் ஒருவர் சொன்னார்: "வீட்டில் இருந்து பேசினால் ஒன்றும் இல்லை. ஊரைத் தாண்டி ஓடைப் பாலத்துக்குப் போனதும் தினமும் பஸ்ஸில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹலோ ஹலோ என்கிறார்கள்." அவ்வொரு வாக்கியம் போதுமானதாயிற்று. ஓடும் வண்டியில் பேசுபவரை ஒரு செக்டர் அடுத்த கோபுரத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்ற பட்டியல் ஒவ்வொரு செக்டருக்கும் உண்டு. திசை மாறிப் பூட்டியதால், கிழக்கே போகிறவரை மேற்கே இருக்கும் அண்டைக் கோபுரங்களின் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தது அந்தச் செக்டர். ஒப்படைப்பு தவறிய கணக்கு மையத்தின் பதிவிலும் இருந்தது. அபாய விளக்கு எரியாததால் அதை எவரும் புரட்டவில்லை. எங்கே புரட்ட வேண்டும் என்று காட்டியது அந்த நடத்துநரின் வாக்கியமே.

ஐந்து வாக்கியங்கள்

இனி இவ்வவைக்கு உரிய செய்திக்கு வருகிறேன். நம் மக்கள் பெரும்பாலும் சொல்லும் புகார் இரண்டே சொல்: "டவர் இல்லை." மருத்துவரிடம் சென்று "உடம்பு சரியில்லை" என்று சொல்லித் திரும்பிவிடுவது போன்றது இது. அதற்குள் ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லும் வாக்கியங்கள் சிலவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

"அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை." பலரும் இதையே சொன்னால், கோபுரத்தின் வாய் நலம், காது கெட்டிருக்கிறது. பொய்யலை இரைச்சலோ, கேட்கும் வடங்களில் ஒன்று பழுதானதோ காரணமாகலாம்.

"மேல்காற்று அடிக்கும்போது அறுந்து அறுந்து வருகிறது, காற்று நின்றால் சரியாகிவிடுகிறது." தளர்ந்த முடுக்கு.

"மழை விட்டு இரண்டு நாள் வரை இல்லை, வெயில் ஏறினால் மெல்லத் திரும்புகிறது." வடத்தில் நீர்.

"டவருக்குத் தெற்கே இருக்கும் தெருக்களில் மட்டும் இல்லை; மற்றப் பக்கம் எல்லாம் கிடைக்கிறது." ஒரு செக்டர் மட்டும் நோயுற்றிருக்கிறது.

"கரண்ட் போன ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது, கரண்ட் வந்தால் வருகிறது." வடத்தைத் தேட வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள்.

இவற்றுள் எதிலும் ஒரு தொழில்நுட்பச் சொல் இல்லை. எப்போது, எங்கே, யாருக்கு, எந்தக் காற்றில் என்ற நான்கும் இருக்கின்றன. கண்டதைக் கண்டபடி, மிகையின்றிச் சொல்லும் திறம் இது. நம் கரிசல் மக்களுக்கு இது புதிதன்று. கீழ்த்திசைக் காற்றைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பிரித்துப் பெயரிட்டு, எந்தக் காற்றில் மழை வரும், எதில் பயிர் வாடும் என்று கணித்து விதைத்தவர்கள் நாம். இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லுக்கென ஓர் அகராதியே தொகுத்தார். நிலத்தையும் மழையையும் அத்தனை நுட்பமாகப் பிரித்துச் சொன்ன நாக்கு, கைப்பேசியின்முன் வந்ததும் "டவர் இல்லை" என்று சுருங்கிவிடுவது எதனால்? புதிய பொருளை நம் சொல்லால் சொல்ல நமக்கு உரிமையில்லை என்று நாமே எண்ணிவிட்டோம் போலும். புகாரைப் பெறுகிறவரும் அதற்குமேல் கேட்பதில்லை.

ஏறுபவர்

இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். பழுது எதுவென்று தெரியாதபோது ஒருவரைக் கோபுரத்தில் ஏற்றுவார்கள். கம்பிவடத்தில் நோய் இல்லை என்றால் இறங்குவார். அடுத்த கிழமை மீண்டும் ஏற்றுவார்கள். 40 மீட்டர் உயரம், சுட்டெரிக்கும் இரும்பு, ஆடிக் காற்று, இடுப்பில் ஒரு பட்டை. ஏறுபவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் இளைஞர். இத்தொழிலில் உயிர் நீத்தோர் உண்டு. தொலைவிலிருந்து நோயறியும் கலை செலவை மிச்சப்படுத்துவதற்கு என்று நிறுவனங்கள் கருதலாம். என் கணக்கு வேறு. பிழையாகக் கண்ட ஒவ்வொரு நோயும் வீணாக ஒரு மனிதரை உச்சிக்கு அனுப்புகிறது. சரியாகச் சொன்ன ஒரு வாக்கியம், ஏறத் தேவையில்லாதபோது அவரைத் தரையில் நிறுத்துகிறது. ஏறியே ஆக வேண்டுமானால், எந்தக் கனெக்டர் என்று அறிந்து ஒரே முறை ஏறி இறங்கச் செய்கிறது.

ஊருக்கும் இழப்பு உண்டு. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் நம் மாவட்டம் கண்ட மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியிலேயே 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. சாலை அறுந்தது, மின்சாரம் நின்றது, செல்பேசியும் பல இடங்களில் அடங்கியது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் குரலுக்காக நாள் கணக்கில் காத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய வெள்ளத்தில் எந்தக் கோபுரமும் தடுமாறும். எனினும் நல்ல நாளில் நீர் புகும் வெடிப்பைக் கண்டு அடைத்திருந்த கோபுரத்துக்கும், "டவர் இல்லை" என்ற புகாரோடு பல மாதம் விடப்பட்ட கோபுரத்துக்கும் அன்று வேறுபாடு இருந்தே தீரும்.

ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் கவிஞர்கள் சிலர் அமர்ந்து, சுற்றியுள்ள ஊர்களின் பேச்சைக் கேட்டு, இத்தகைய வாக்கியங்களை இன்னும் கூர்மையாக, இன்னும் இயல்பாகத் தொகுத்துத் தர வேண்டும். ஒரு தாளில் அடங்கினால் போதும். ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும் அதை ஒட்டி வைக்கலாம். புகார் சொல்ல வருபவர் அதைப் பார்த்துத் தமக்கு நேர்ந்ததைச் சொல்லட்டும். புகாரை எழுதிக்கொள்பவர் அந்த வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே மையத்துக்கு அனுப்பட்டும். கலைச்சொல் ஆக்கம் என்றால் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுவது என்றே நெடுங்காலமாக எண்ணிவருகிறோம். அதுவும் வேண்டியதுதான். மக்கள் தம் பட்டறிவைத் தம் சொல்லில் பிழையின்றி உரைக்கத் துணைசெய்வதும் அதே அளவு தமிழ்ப்பணி என்பது என் கருத்து.

அனுப்பிய அலை எவ்வளவு திரும்பியது என்பதைக் கருவி சொல்லும். போய்ச் சேர்ந்ததா என்பதைக் கேட்டவர்தாம் சொல்ல வேண்டும். கவிதை எழுதும் உங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.